தேவையைச் சொல்வது அவிசுவாசமா?

கேள்வி:

நானும் என் கணவரும் இரண்டு பிள்ளைகளோடு வெளிநாட்டில் ஊழியம் செய்கிறோம். இது நான்காம் ஆண்டு. ஒரு மிஷனரி சங்கத்தின் வழியாக வந்தோம். அனுப்பிய சபையும் சில குடும்பங்களும் மாதந்தோறும் தாங்குவதாக வாக்களித்தார்கள். இப்போது அதில் எழுபது சதவிகிதம்தான் வந்து சேர்கிறது. வாடகை ஏறிவிட்டது. நாணய மாற்றும் எங்களுக்கு எதிராகப் போய்விட்டது. பள்ளிக் கட்டணத்துக்காகச் சேமிப்பைக் கரைத்துவிட்டோம். மருத்துவக் காப்பீட்டை இந்த ஆண்டு புதுப்பிக்கவில்லை. தாங்குகிறவர்களுக்கு நாங்கள் அனுப்பும் ஜெபக் கடிதத்தில் இதை எழுதலாம் என்றால், தேவையைக் கர்த்தரிடம் மட்டுமே சொல்ல வேண்டும், மனிதரிடம் சொல்வது அவிசுவாசம் என்கிறார் கணவர். சென்ற விடுமுறையில் கடற்கரையில் எடுத்த குடும்பப் படம் ஒன்றைப் பகிர்ந்தேன். "எங்கள் காணிக்கை இதற்குத்தானா?" என்று தாங்குகிறவர்களில் ஒருவர் கேட்டார். அன்றிலிருந்து எதையும் பகிர மனம் வரவில்லை. இணையவழியில் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கலாமா என்று யோசிக்கிறேன், அதுவும் குற்றமாகத் தோன்றுகிறது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தூக்கம் வராத இரவுகளில் நினைக்கிறேன்.

- ஒரு சகோதரி

பதில்:

அன்பான சகோதரி,

எல்லாவற்றுக்கும் முன்பு மருத்துவக் காப்பீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதை இந்த மாதமே புதுப்பியுங்கள். கையில் பணம் இல்லையென்றால் சங்க அலுவலகத்துக்கு இன்றே எழுதுங்கள். ஊழியச் செலவுக் கணக்கில் தொகை இருந்தால், அதிலிருந்து முன்பணமாக எடுக்க எழுத்தில் அனுமதி கேளுங்கள். அனுமதியில்லாமல் மட்டும் எடுக்காதீர்கள். ஊழியத்துக்கென்று குறித்துக் கொடுக்கப்பட்ட பணத்தை வேறு செலவுக்குத் திருப்புவது நல்ல நோக்கத்தோடு செய்தாலும் பின்னால் பெயரைக் கெடுக்கும். பிள்ளைகளோடு அந்நிய நாட்டில் காப்பீடு இல்லாமல் இருப்பதை விசுவாசம் என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். ஒரு அறுவைச் சிகிச்சை, அல்லது நோயாளியை வேறொரு நாட்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் ஒரு விமானப் பயணம் போதும். பல ஆண்டு ஆதரவுத் தொகையை அது விழுங்கிவிடும்.

இனி உங்கள் கணவர் சொல்வதற்கு வருகிறேன். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மிஷனரி வரலாற்றில் அந்த நம்பிக்கைக்கு மதிப்பான இடம் உண்டு. ஜார்ஜ் முல்லர் 1830இல் தம் சபைச் சம்பளத்தை விட்டுவிட்டார். 1836இல் பிரிஸ்டலில் அநாதை இல்லம் தொடங்கியபோது, தேவையை எந்த மனிதரிடமும் சொல்லிக் கேட்பதில்லை என்று தீர்மானித்தார். ஹட்சன் டெய்லர் 1865இல் சீன உள்நாட்டு மிஷனைத் தொடங்கியபோது அதே பாதையில் நடந்தார். கடன் வாங்குவதில்லை, கூட்டங்களில் காணிக்கைத் தட்டு எடுப்பதில்லை, ஊழியர்களுக்கு நிச்சயமான சம்பள வாக்குறுதி கொடுப்பதில்லை என்பவை அவருடைய ஒழுங்குகள். டெய்லரின் ஊழியர்களுக்கு முல்லரே பணம் அனுப்பியிருக்கிறார். இந்த மனிதர்களின் சரித்திரத்தை வாசித்து வளர்ந்த ஒருவர், பணத்தைப் பற்றி வாய் திறக்கக் கூசுவது இயல்புதான்.

ஆனால் அந்தச் சரித்திரத்தின் மறுபாதியையும் அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். முல்லர் ஆண்டுதோறும் அறிக்கை அச்சிட்டார். வந்த காணிக்கைகளைக் கொடுத்தவர் பெயரில்லாமல் வரிசையாகப் பதிவு செய்தார். எந்த நாளில் கையில் ஒன்றுமில்லாமல் இருந்தது, எந்த நாளில் எப்படி வந்தது என்பதையெல்லாம் விவரமாக எழுதினார். டெய்லர் சீனாவின் நிலையை எழுதி அச்சிட்டுப் பரப்பினார், 1875 முதல் தம் மிஷனுக்கென ஒரு பத்திரிகையே நடத்தினார், ஊர் ஊராகப் போய்ப் பேசினார். இருவரும் கேட்கவில்லை என்பது உண்மை. இருவரும் மறைக்கவும் இல்லை.

உங்கள் கணவர் இங்கே ஒரு எதிர்வாதம் வைக்கலாம், அது நியாயமானதும்கூட. 1841இன் இறுதியில் கையிருப்பு மிகவும் குறைந்திருந்தபோது, அறிக்கையை அப்போது வெளியிட்டால் அதுவே மறைமுகமான விண்ணப்பமாகிவிடும் என்று முல்லர் அதைத் தள்ளிப்போட்டார். நெருக்கடியின் நடுவில் அவர் வாய் திறக்கவில்லைதான். ஆனால் அவருக்கு யாரும் மாதம் இவ்வளவு என்று வாக்களித்திருக்கவில்லை. அவர் யாரோடும் ஒரு தொகையைப் பேசி முடிக்கவில்லை. அந்தத் தீர்மானத்தைத் தொடக்கத்திலேயே ஊரறியச் சொல்லிவிட்டார்.

உங்கள் நிலை அதுவல்ல. புறப்படுமுன் நீங்கள் இருவரும் சபையின் மிஷன் குழுவின் முன் உட்கார்ந்தீர்கள். அந்த நாட்டில் ஒரு குடும்பம் வாழ மாதம் இவ்வளவு வேண்டும் என்று சங்கம் கணக்கிட்ட தொகை அவர்கள் முன் வைக்கப்பட்டது. அதைப் பார்த்துத்தான் அவர்கள் வாக்களித்தார்கள். அதாவது, உங்கள் தேவை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே மனிதரிடம் சொல்லப்பட்டுவிட்டது. அன்று அது அவிசுவாசமாக இருக்கவில்லை. அன்று சொன்ன தொகை இன்று போதவில்லை, வாக்களித்ததிலும் ஒரு பகுதி வந்து சேரவில்லை என்று அதே மனிதரிடம் சொல்வது மட்டும் எப்படி அவிசுவாசமாகும்? சொல்லாமல் இருந்தால், எல்லாம் வாக்களித்தபடியே நடக்கிறது என்ற தவறான எண்ணத்தில் அவர்களை நீங்கள் விட்டுவைக்கிறீர்கள். நான் கவலைப்படுவது அதைப் பற்றித்தான்.

வாக்களித்தவருக்குத் தம் வாக்கு என்னவாயிற்று என்று அறியும் உரிமை உண்டு. இதை வெறும் தத்துவமாகச் சொல்லவில்லை. ஆதரவு குறைவதற்கு நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் காரணங்களில் ஒன்று மிகச் சாதாரணமானது. மாதாமாதம் பணம் அனுப்பும்படி வங்கிக்குக் கொடுத்திருந்த உத்தரவு காலாவதியாகியிருக்கும், அல்லது வங்கி அட்டை மாறியிருக்கும். கொடுப்பவர் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருப்பார். மிஷனரியோ, அவர் மனம் மாறிவிட்டார் என்று வருந்திக்கொண்டிருப்பார். ஒரு தொலைபேசி அழைப்பில் தீரக்கூடிய காரியம், கேட்கக் கூச்சப்பட்டதால் மாதக்கணக்கில் நீண்டுபோகிறது. மற்ற காரணங்களும் உண்டு. வேலை இழப்பு, ஓய்வு பெறுதல், மரணம், வேறு சபைக்கு மாறுதல், புதிய போதகர் வந்து சபையின் பாரம் வேறு பக்கம் திரும்புதல். உங்கள்மேல் உள்ள கசப்பால் நிறுத்தியவர்கள் ஒருவேளை ஒருவரோ இருவரோ இருக்கலாம். யாரும் இல்லாமலும் இருக்கலாம்.

பவுலைப் பாருங்கள். கொரிந்துவில் அவர் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாவோடு தங்கிக் கூடாரத் தொழில் செய்தார். அந்தச் சபைக்குப் பாரமாக இருக்க மறுத்தார். மக்கெதோனியாவிலிருந்து சகோதரர் கொண்டுவந்த உதவியை அதே கொரிந்துவில் வாங்கிக்கொண்டார். பிலிப்பி சபை தெசலோனிக்கேவுக்கு ஒருமுறைக்கு மேல் அனுப்பியதை நன்றியோடு எழுதி வைத்தார். ரோமருக்கு எழுதும்போது, ஸ்பானியாவுக்குப் போகும் வழியில் உங்களால் வழிவிட்டனுப்பப்படுவேன், அதாவது பயணத்துக்கு உங்கள் உதவியைப் பெறுவேன் என்று நம்புகிறேன் என்று வெளிப்படையாகவே சொல்கிறார். ஓரிடத்தில் வாங்கவில்லை, ஓரிடத்தில் வாங்கினார், ஓரிடத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்தார். ஆனால் எந்தச் சபையிடமும் தம் நிலையை அவர் மூடி வைக்கவில்லை. பசி, குளிர், கண்விழிப்பு, கப்பற்சேதம் எல்லாவற்றையும் எழுதினார். பிலிப்பியர் அனுப்பிய எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாகப் போனதையும், தாம் வியாதிப்பட்டதை அவர்கள் கேள்விப்பட்டதால் அவர் வியாகுலப்படுகிறார் என்பதையும்கூட எழுதினார். இன்றைய ஜெபக் கடிதங்களில் இப்படி ஒரு பத்தியை நான் அபூர்வமாகத்தான் காண்கிறேன்.

கேட்டவர்களின் பாரம்பரியமும் சிறியதல்ல. லாட்டி மூன் 1873இல் சீனாவுக்குப் போனவர். பிங்டு பகுதியில் ஆட்கள் இல்லாமல் தனியே உழைத்தபோது, ஆட்களை அனுப்புங்கள், காணிக்கை சேருங்கள் என்று அமெரிக்காவின் பாப்டிஸ்ட் சபைப் பெண்களுக்கு ஒளிவுமறைவில்லாமல் கடிதம் எழுதினார். 1888 கிறிஸ்துமஸில் அவர்கள் சேர்த்த காணிக்கை 3,315 டாலர். மூன்று பெண் ஊழியர்களை அனுப்ப அது போதுமானதாக இருந்தது. அந்தக் கிறிஸ்துமஸ் காணிக்கை இன்றும் அவர் பெயரால் சேர்க்கப்படுகிறது. அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல எனக்கு நா எழாது.

ஆகவே உங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் மனச்சாட்சி இடம் கொடுக்கும் ஒரு கோட்டை வகுத்துக்கொள்ளுங்கள். நிச்சயமான சம்பளமில்லாமல் காணிக்கையை நம்பி நடக்கும் விசுவாச மிஷன்கள் பல பின்பற்றும் வழி ஒன்று இருக்கிறது. நிலைமையை முழுவதும் தெரிவிப்பது, ஆனால் எவரிடமும் தொகை கேட்டு வற்புறுத்தாமல் இருப்பது. உங்கள் கணவர் "எனக்கு இவ்வளவு கொடுங்கள்" என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். அது அவருடைய நேர்ச்சை என்றால் அதை மதியுங்கள், அதை உடைக்கும்படி நெருக்காதீர்கள். ஆனால் சபையும் சங்கமும் அறிய வேண்டிய உண்மையை மூடி வைக்க அந்த நேர்ச்சை அவருக்கு உரிமை தரவில்லை. காப்பீடு இல்லாத ஆபத்தில் பங்கு உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. அவர் நேர்ச்சையில் உங்களைக் கேட்காமல் உங்களைச் சேர்த்துவிட முடியாது.

எங்கே தொடங்குவது? ஜெபக் கடிதத்தில் அல்ல. முதலில் அனுப்பிய சபையின் போதகரோடும் மிஷன் குழுவோடும் நேரில் பேசுவதுபோல் முகம் பார்த்துப் பேசுங்கள். எல்லோருக்கும் போகும் பொதுக் கடிதத்தில் இதை முதன்முதலாக வாசித்தால், எங்களிடம் சொல்லாமல் ஊருக்குச் சொன்னார்களே என்று அவர்கள் புண்படுவார்கள். பேசுமுன் புதிதாக ஒரு கணக்குத் தயாரியுங்கள். புறப்பட்ட ஆண்டில் சங்கம் போட்டுக் கொடுத்த பட்டியலை ஒரு பக்கமும், இன்றைய உண்மைச் செலவை மறுபக்கமும் வையுங்கள். வாடகை, உணவு, பள்ளி, காப்பீடு, விசா புதுப்பிப்பு, மொழிப் பாடம், போக்குவரத்து, விடுப்பில் போய்வரும் விமான டிக்கெட்டுக்கான சேமிப்பு, ஓய்வுகால நிதி, சங்கம் நிர்வாகத்துக்குப் பிடிக்கும் பங்கு, நாணய மாற்றில் போகும் நட்டம். இந்தக் கடைசி வரியைப் பலர் எழுதுவதே இல்லை. காணிக்கை ஒரு நாணயத்தில் வருகிறது, வாழ்க்கை இன்னொரு நாணயத்தில் நடக்கிறது. கொடுப்பவர் ஒரு காசு குறைக்காமலே உங்கள் கைக்கு வருவது குறைந்துவிட முடியும் என்பதைத் தாங்குகிறவர்கள் தாங்களாக உணர வழியில்லை. காட்டினால்தான் தெரியும். ஓய்வுகால நிதியையும் விமானச் சேமிப்பையும் வெட்கத்தோடு பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். நெருக்கடியில் முதலில் வெட்டப்படுவது இவைதான். பின்னால் எழுபது வயதில் வீடில்லாமல் நிற்கும் ஊழியரைப் பார்க்கும்போது சபைக்கும் அது வேதனை.

வாக்களித்த குடும்பங்களோடு அதன் பிறகு ஒவ்வொருவராகப் பேசுங்கள். காணிக்கையைப் பற்றி மட்டும் பேச அழைக்காதீர்கள். அவர்கள் நலம் விசாரியுங்கள், அவர்களுக்காக ஜெபியுங்கள். சிலர் தங்கள் வீட்டுக் கஷ்டத்தால் நிறுத்தியிருப்பார்கள், சொல்ல வெட்கப்பட்டு உங்களைத் தவிர்த்திருப்பார்கள். "இனி அனுப்ப முடியாவிட்டால் பரவாயில்லை, நம் உறவு அதில் இல்லை" என்று நீங்களே அவர்களை விடுவித்துவிட்டால் இரண்டு பக்கமும் மூச்சு வரும். அந்த இடத்துக்குப் புதிதாக யாரைத் தேடுவது என்பதைச் சபை உங்களோடு சேர்ந்து சுமக்க வேண்டும்.

ஜெபக் கடிதத்துக்கு அதன் பிறகு வரலாம். நான் வாசிக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் இருக்கின்றன. மேலே ஒரு வேத வசனம், நடுவில் ஒரு சாட்சி, சிரிக்கும் முகங்களோடு மூன்று படங்கள், கீழே ஐந்து ஜெபக் குறிப்புகள். கடைசிக் குறிப்பு "எங்கள் தேவைகள் சந்திக்கப்பட". வாசிப்பவருக்கு அதிலிருந்து என்ன தெரியும்? விசா அலுவலகத்தில் ஒரு முத்திரைக்காகப் போன காலைகள் தெரியாது. மூன்றாம் ஆண்டிலும் கடைத்தெருவில் பேச முடிகிறது, ஆனால் துக்க வீட்டில் ஆறுதல் சொல்ல மொழி போதவில்லை என்ற வேதனை தெரியாது. அண்டை வீட்டார் உங்களைப் பணக்காரர் என்று நினைத்துக் கடன் கேட்பதும், அதே நாளில் நீங்கள் பள்ளிக் கட்டணத்துக்குத் தவணை கேட்டு நின்றதும் தெரியாது. வெற்றிச் செய்தியை மட்டுமே பெறுகிறவர், இவர்களுக்குக் குறைவில்லை என்று தீர்மானித்து, அதிகத் தேவை உள்ளதாகத் தோன்றும் இன்னொருவருக்குக் கொடுக்கப் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் அவருக்குக் காட்டியதை வைத்துத்தானே அவர் முடிவெடுக்கிறார்?

இப்படி எழுதிப் பாருங்கள்: "இந்த ஆண்டு வாடகை உயர்ந்ததாலும் நாணய மதிப்பு மாறியதாலும் எங்கள் மாதத் தேவை நாங்கள் புறப்பட்டபோது இருந்ததைவிட அதிகமாகியிருக்கிறது. இப்போது வந்து சேர்வது அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. சபையின் மிஷன் குழுவிடம் முழுக் கணக்கையும் கொடுத்திருக்கிறோம். விவரம் அறிய விரும்புவோர் அவர்களையோ எங்களையோ கேட்கலாம். இந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் சமாதானம் காக்கப்படவும், எடுக்க வேண்டிய தீர்மானங்களில் ஞானம் கிடைக்கவும் ஜெபியுங்கள்." இதில் கெஞ்சல் இல்லை, மிரட்டல் இல்லை, உடனே அனுப்பாவிட்டால் ஆத்துமாக்கள் அழியும் என்ற பாரம் யார் தலையிலும் ஏற்றப்படவில்லை. உங்கள் கணவரால் இதில் கையெழுத்திட முடியும் என்று நம்புகிறேன்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் இருக்கும் நாட்டில் மத ஊழியத்துக்குச் சட்டக் கட்டுப்பாடு இருந்தால், உள்ளூர் விசுவாசிகளின் பெயரும் முகமும் எந்தக் கடிதத்திலும் வரக்கூடாது. நீங்கள் ஒரு நாள் விமானம் ஏறிவிடலாம். அவர்கள் அங்கேயே வாழ வேண்டியவர்கள். பணத்தைப் பற்றித் திறந்து பேசச் சொன்னேன், மனிதரைப் பற்றி அல்ல.

கடற்கரைப் படத்தைப் பற்றிக் கேட்டவரின் வார்த்தை உங்களைக் குத்தியிருக்கிறது என்பது தெரிகிறது. அவருக்குப் பதில் சொல்லாமல் ஒதுங்கியது உங்களுக்கு நல்லதாக முடியவில்லை. இங்கே இரண்டு வகைப் பணத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஊழியச் செலவுக்கு வரும் பணத்துக்கு ரசீதோடு கணக்குக் கொடுக்க நீங்கள் கடமைப்பட்டவர்கள், அதில் ஒரு குடும்ப விடுமுறைகூட நுழையக்கூடாது. குடும்பப் பராமரிப்புக்கு வரும் தொகை அப்படியல்ல. அது உங்கள் பிழைப்பு. சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தினாலே பிழைப்பு உண்டாக வேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இதைத்தான். அந்தத் தொகைக்குள் சிக்கனமாகச் சேர்த்து பிள்ளைகளை இரண்டு நாள் கடற்கரைக்குக் கூட்டிச் செல்வது யாருடைய காணிக்கையையும் வீணாக்குவதல்ல. ஆண்டு முழுவதும் வெளியாராகப் பார்க்கப்படும் தெருவில் வாழும் பிள்ளைகளுக்கு அது தேவையும்கூட.

அதே சமயம் கேட்டவரை எதிராளியாக்கிவிடாதீர்கள். தாம் ஆண்டுக்கணக்கில் விடுமுறை எடுக்காமல், தம் செலவைச் சுருக்கி உங்களுக்கு அனுப்பியவராகவும் அவர் இருக்கலாம். தொலைபேசியில் அழையுங்கள். "நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று, மற்றவர்களுக்கும் அந்த எண்ணம் வந்திருக்கும்" என்று தொடங்கி, இரண்டு கணக்குகளும் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்று விளக்குங்கள். எருசலேமுக்கான தர்மப்பணத்தைச் சேர்த்தபோது, யாரும் குற்றம் சொல்ல இடம் வைக்காதபடி பவுல் தீத்துவையும் வேறு சகோதரரையும் அந்தப் பொறுப்பில் சேர்த்துக்கொண்டார். கணக்குக் கேட்கப்படுவதை அவர் அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாடம் சொல்லிக்கொடுக்கும் யோசனை. இதில் பாவம் எதுவும் இல்லை. 1732இல் மொரேவியச் சபையார் தங்கள் முதல் மிஷனரிகளாக ஒரு குயவரையும் ஒரு தச்சரையும் மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். 1793இல் வங்காளத்துக்கு வந்த வில்லியம் கேரி, கொண்டுவந்த பணம் தீர்ந்துபோய்க் குடும்பத்தோடு தவித்தபின், முட்னபாட்டியில் அவுரிச் சாயத் தொழிற்சாலையை மேற்பார்வை செய்து பிழைத்தார். பின்னர் செராம்பூரில் அவரும் நண்பர்களும் ஈட்டியதைப் பொதுப் பணப்பையில் போட்டு அதிலிருந்து ஊழியத்தை நடத்தினார்கள். ஆனால் உங்களுக்கு மூன்று கேள்விகள் இருக்கின்றன. உங்கள் விசா சம்பாதிக்க அனுமதிக்கிறதா? இணையத்தில் வேறு நாட்டு மாணவருக்குச் சொல்லிக்கொடுத்தாலும், நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாட்டின் சட்டம் அதை வேலையாகக் கருதலாம். ஆண்டில் பாதிக்கு மேல் தங்குவோரை வரி கட்ட வேண்டிய குடியிருப்பாளராகப் பல நாடுகள் எண்ணுகின்றன. இதை அந்த நாட்டு வரி ஆலோசகர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். சங்கத்தின் ஒழுங்கு அனுமதிக்கிறதா என்பது அடுத்தது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். அந்த வருமானம் ஆதரவில் விழுந்த ஓட்டையை யாருக்கும் தெரியாமல் அடைக்கும் வழியாகிவிடுமா? அப்படியானால் ஓராண்டில் நீங்கள் வீட்டையும் பிள்ளைகளையும் மொழியையும் ஊழியத்தையும் இரவு வேலையையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருப்பீர்கள். சபையோ எல்லாம் நன்றாயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும். முதலில் உண்மையைச் சொல்லுங்கள். அதன் பிறகும் தேவைப்பட்டால், எல்லோரும் அறிய, வாரத்தில் சில மணி நேரத்துக்கு மட்டும் செய்யுங்கள்.

கேரியைச் சொன்னதால் அவருடைய மனைவி டாரத்தியைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. வர விருப்பமில்லாமல், கடைசி நேரத்தில் சம்மதித்துப் புறப்பட்டவர். வந்த மறு ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டரைச் சாகக் கொடுத்தார். அதன்பின் மனநலம் குலைந்து, 1807இல் இறக்கும்வரை மீளவில்லை. பக்கத்து அறையில் வேத மொழிபெயர்ப்பு நடந்துகொண்டிருந்தது. உங்கள் நிலை அதுவென்று நான் சொல்லவில்லை. ஆனால் தூக்கமில்லாத இரவுகளைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். நான் அந்த வரியில் நின்றுவிட்டேன். உங்கள் சங்கத்தில் ஊழியர் நலனைக் கவனிக்கும் ஒருவர் இருந்தால், கணவரின் மேற்பார்வையாளர் அல்லாத ஒருவராக, அவரிடம் தனியாகப் பேசுங்கள். இல்லையென்றால் வெளியில் ஒரு ஆலோசகரைச் சங்கச் செலவில் ஏற்பாடு செய்யும்படி கேளுங்கள். மிஷனரியின் மனைவி என்பதால் மட்டும் ஒருவருக்குச் சோர்வு வராமல் போய்விடாது.

திரும்பிப் போவதைப் பற்றி. 1990களில் உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பின் மிஷன் குழு 14 நாடுகளில் ஓர் ஆய்வு நடத்தியது. மிஷனரிகள் காலத்துக்கு முன்பே ஏன் திரும்புகிறார்கள் என்று அது விசாரித்தது. புதிதாக மிஷனரிகளை அனுப்பத் தொடங்கியிருந்த நாடுகளில், அனுப்பியவர்களின் ஆதரவு போதாமை முன்வரிசைக் காரணங்களில் ஒன்றாக வந்தது. அழைப்பு பொய்த்ததால் மட்டுமே ஊழியர்கள் திரும்புகிறார்கள் என்று நினைப்பது தவறு. தாங்குகிறவர்களுக்கு நிலைமை தெரிந்திருந்தால் நின்றிருக்கக்கூடிய குடும்பங்களும் திரும்பியிருக்கின்றன. எனவே சோர்ந்த இரவில் அந்த முடிவை எடுக்காதீர்கள். நிலைமையைச் சொல்லாமலும் எடுக்காதீர்கள்.

சபையோடு பேசும்போது ஆறு மாதக் கெடு ஒன்றைச் சேர்ந்தே வகுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஆதரவு புதிய தேவையின் எந்த அளவை எட்ட வேண்டும் என்பதைச் சங்கத்தின் விதிப்படி எழுத்தில் குறியுங்கள். எட்டாவிட்டால் விடுப்பை முன்கூட்டியே எடுத்துக் குடும்பமாகப் போய், சபைகளைச் சந்தித்து, உடல்நலம் பார்த்து, ஆதரவைக் கட்டிவிட்டுத் திரும்ப வாருங்கள். பள்ளியாண்டின் நடுவில் பிள்ளைகளைப் பிடுங்காதபடி தேதியைத் தேர்ந்தெடுங்கள். அந்த விடுப்பின் முடிவில் ஊழியத்துக்குத் திரும்புவதா வேண்டாமா என்பதை நிதானமாகத் தீர்மானிக்கலாம். வேண்டாம் என்று முடிவானாலும், நான்கு ஆண்டு ஊழியம் ஒன்றுமில்லாமல் போய்விடாது.

மிஷன் குழுவோடு பேசும் நாளில் கணவரும் நீங்களும் சேர்ந்தே உட்காருங்கள். பேச்சை அவர் தொடங்கட்டும். பள்ளிக் கட்டணமும் காப்பீடும் வரும் இடத்தில் நீங்கள் பேசுங்கள். கேட்கிறவர்களில் ஒரு தாயாவது இருக்கும்படி முன்கூட்டியே போதகரிடம் சொல்லி வையுங்கள்.